நாற்காலி போட்டதால் தள்ளுபடி ஆன மனு

போன மாதம் எங்கள் பழைய ஆர்.ஐ. ஐயா வெள்ளைக் காரில் வந்து என் வீட்டு வாசலில் இறங்கினார். ஆர்.ஐ. என்றால் வருவாய் ஆய்வாளர். நான் கிராம உதவியாளராக, ஜனங்கள் வாயில் சொன்னால் தலையாரியாக, இருந்த காலத்தில் எனக்கு மேலே வி.ஏ.ஓ., அவருக்கு மேலே இவர். பிறகு தாசில்தார் வரைக்கும் போய் ஓய்வு பெற்றார். பெயரை எழுத மாட்டேன். பெயர் எழுதி வைக்கும் அளவுக்கு அவர் ஒன்றும் செய்துவிடவில்லை.

கையில் ஒரு ஃபைல் வைத்திருந்தார்.

"கோதண்டம், இதுல ஒரு கையெழுத்துப் போடுய்யா. பென்ஷனுக்கு வருமான வரி போடக் கூடாதுன்னு எல்லாரும் சேர்ந்து மனு கொடுக்குறோம்."

"எனக்குத்தான் வரியே இல்லீங்களே ஐயா?"

"உனக்கு இல்லய்யா, எங்களுக்கு. பேர் நிறைய இருந்தாத்தான் மேல படிப்பாங்க."

அப்புறம் அரை மணி நேரம் புலம்பினார். முப்பத்தாறு வருஷம் மாடாக உழைத்தாராம். அந்த உழைப்புக்குக் கொடுக்கிற பென்ஷனில் வரி பிடிப்பது பகல் கொள்ளையாம். பேங்கில் போட்ட பணத்துக்கு வருகிற வட்டியிலும் பிடிக்கிறார்களாம். வயசான காலத்தில் இப்படியும் ஒரு கொடுமையா என்று கேட்டார். கார் டிரைவர் வெளியே ஏ.சி.யைப் போட்டபடி உட்கார்ந்திருந்தான்.

நான் கையெழுத்துப் போடவில்லை. "மரியாதை தெரியாத ஆளுய்யா நீ, அன்னைக்கும் அப்படித்தான், இன்னைக்கும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். இது எப்படியோ இப்போதைய வி.ஏ.ஓ. அம்மா காதுக்குப் போயிருக்கிறது. "பெரியவர் ஒரு கையெழுத்துதானே கேட்டார், போட்டிருக்கலாமே" என்றார். ஏன் போடவில்லை என்று வாயால் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் எழுத்து கோழி கிளறினது போல இருக்கும். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டே பேப்பர் படித்துப் படித்துத்தான் மீதிப் படிப்பை நானே முடித்தேன். செங்கல் சூளையில் கல் சுமந்தேன். இருபத்தெட்டு வயதில் தலையாரி வேலை கிடைத்தது. பயிற்சி என்று ஒன்றும் கிடையாது. தமுக்கு, ஒரு டார்ச் லைட், வி.ஏ.ஓ.வின் ஃபைல் கட்டு, இவ்வளவுதான். ஒரே வருஷத்தில் ஊரில் இருக்கும் அத்தனை சர்வே நம்பரும் எனக்கு மனப்பாடம். கம்பெனிகள் நிலம் எடுக்க வந்தபோது, முக்காலியும் மெஷினும் தூக்கிக்கொண்டு வந்த சர்வேயர்கள் ஓடைப் புறம்போக்கு எங்கே என்று என்னைத்தான் கேட்டார்கள். மூன்று இடத்தில் அவர்கள் கல்லை நான் தள்ளி நட வைத்திருக்கிறேன். இந்தச் சம்பளத்தில் ஒரு பெண்ணை நர்ஸாக்கினேன், இன்னொருத்தியைத் தண்டலத்தில் காலேஜ் படிக்க வைத்தேன். ஒரு பைசா கைநீட்டி வாங்கியதில்லை. எங்கள் தாலுகாவில் வேறு எந்தத் தலையாரியாவது இப்படி நெஞ்சைத் தட்டிச் சொல்லட்டும், பார்க்கலாம்.

இதை எல்லாம் சொல்வதற்குக் காரணம், நான் சொல்லப்போவது வேலை தெரியாதவன் புலம்பல் இல்லை என்று தெரிய வேண்டும் என்பதுதான்.

முதியோர் உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது. ஆதரவில்லாத வயசானவர்களுக்கு அரசாங்கம் மாசாமாசம் கொடுப்பது. ஊரில் அதையும் பென்ஷன் என்றுதான் சொல்வார்கள். அது சும்மா கிடைத்துவிடாது. மனு கொடுக்க வேண்டும். வி.ஏ.ஓ. வாக்குமூலம் எழுதி வாங்குவார். பிறகு ஆர்.ஐ. வீட்டுக்கே வந்து, இந்த ஆள் நிஜமாகவே ஏழையா என்று பார்ப்பார். அவர் எழுதும் அறிக்கை தனி தாசில்தாருக்குப் போகும். அங்கே ஆர்டர் ஆக வேண்டும்.

ஐயா விசாரணைக்கு வரும் அழகே தனி. செருப்பைக் கழற்ற மாட்டார். உட்கார மாட்டார். வாசலில் நின்று முதலில் கூரையைப் பார்ப்பார். ஓலையா, ஷீட்டா, தளமா என்று மனசுக்குள் எழுதிக்கொள்வார். கூரையிலிருந்து கண்ணை இறக்கி ஃபேன் இருக்கிறதா என்று பார்ப்பார். அதற்கு அப்புறம் துணிக்கொடி. கொடியில் ஆம்பிளை பேன்ட் தொங்கினால் தீர்ந்தது. "சம்பாதிக்கிற மகன் இருக்கான்யா" என்பார். பக்கத்து வீட்டுக்காரன் பேன்டாக இருக்குமோ என்ற சந்தேகமே அவருக்கு வராது. கடைசியாக என்னைப் பார்த்து மோவாயை ஆட்டுவார். நான் உள்ளே போய் அரிசி டின்னைத் தூக்கி ஆட்ட வேண்டும். சத்தத்தை வைத்தே உள்ளே எத்தனை படி கிடக்கிறது என்று நான் சொல்லிவிடுவேன். அதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. அந்தத் திறமையை நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது.

இதில் ஒரு வழக்கம் உண்டு. விசாரணைக்கு முந்தின நாள் தலையாரி போய், நாளைக்கு ஆபீசர் வருகிறார், வீட்டில் இரு என்று சொல்லிவிட்டு வர வேண்டும். அந்த ஒரு நாளில்தான் எல்லாமே நடக்கும். ஃபேக்டரிக்கு நிலம் விற்று மாடி வீடு கட்டிய ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார். அவரும் மனு போட்டார். நான் சொல்லிவிட்டு வந்த அன்று சாயங்காலமே பழைய மாட்டுக்கொட்டகையைக் கூட்டிப் பெருக்கி, அங்கே ஒரு பாயைப் போட்டு, கிழிந்த பனியனோடு படுத்துக்கொண்டார். மறுநாள் இருமினார் பாருங்கள் ஒரு இருமல், காசு கொடுத்துப் பார்க்க வேண்டிய இருமல். ஐயா கண் கலங்கிவிட்டார்.

"ஐயா, அதோ அந்த மாடி வூடு இவருதுதாங்க" என்றேன் காதோரம்.

"பத்திரம் மருமக பேர்லய்யா. பேப்பர் சரியா இருக்கு, நீ சும்மா இரு."

ஒரே மாதத்தில் ஆர்டர் வந்தது. ஏமாற்றத் தெரிந்தவன் அந்த ஒரு நாளில் ஏழையாகிவிடுவான். மானமுள்ள ஏழை அந்த ஒரு நாளில் என்ன செய்வான் என்பதை நான் லூர்து மேரி அக்கா வீட்டில் பார்த்தேன்.

லூர்து அக்காவின் புருஷன் ஆரோக்கியம், ஒரு கம்பெனி வாசலில் கான்ட்ராக்டர் கீழே லோடு ஏற்றியவர். சம்பளத்தில் பி.எஃப். என்று பிடித்தார்கள். செத்த பிறகு போய்க் கேட்டால் அப்படி ஒரு நம்பரே இல்லை, கான்ட்ராக்டரும் ஊரில் இல்லை. அக்கா ரோட்டோர லாட்ஜில் பெட்ஷீட் துவைத்துப் பிழைத்தாள். முட்டி இரண்டும் போன பிறகு அந்த வேலையும் போனது. ஒன்றேகால் சென்டில் ஒரு ஷீட் வீடு. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி வந்ததிலிருந்து அந்த மண்ணுக்கு அரசாங்க மதிப்பு ஏறு ஏறென்று ஏறியது. அக்கா தட்டில் ஒரு பருக்கை ஏறவில்லை. ஒரே பெண் ஸ்டெல்லா. படப்பையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவனுக்குக் கட்டிக்கொடுத்தது. ஒற்றை அறை, அதில் இரண்டு குழந்தை, படுத்த படுக்கையாக மாமியார். பென்ஷன் வந்தால் அக்கா சொந்த வீட்டில் இருக்கலாம். வராவிட்டால் அந்த அறையில் மருமகன் காலடியில் போய்ப் படுக்க வேண்டும். விஷயம் இவ்வளவுதான்.

முந்தின நாள் போய்ச் சொன்னேன். "யக்கா, நாளைக்கு ஆர்.ஐ. ஐயா வராரு. வூட்லயே இரு."

"நம்ம வூட்டுக்கா? அவ்ளோ பெரிய ஆபீசரு இங்க இன்னாத்துக்குப்பா?"

"வூட்டப் பாக்கணும்ல."

இந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. என் சர்வீஸில் நான் செய்த ஒரே தப்பு அதுதான். வேறு எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை, இருந்தால் எழுதியிருப்பேன்.

மறுநாள் ஐயாவோடு போகிறேன், எனக்கே வீடு அடையாளம் தெரியவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. வாசலில் கோலம். உள்ளே நான்கு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, பூப்போட்ட துணி விரித்த மேஜை, பக்கத்து வீட்டு ஸ்டாண்ட் ஃபேன். அக்கா மகள் கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுப்புடவையில், கழுத்தில் கவரிங் சங்கிலியோடு நிற்கிறாள். தட்டில் கிரீம் பிஸ்கட். பெரிய பாட்டிலில் ஆரஞ்சு கூல்டிரிங்க்.

"உக்காருங்க ஐயா. ஏதோ எங்களால முடிஞ்சது."

ஐயா உட்கார்ந்தார்! என் சர்வீஸில் அவர் ஒரு மனுதாரர் வீட்டில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். கூல்டிரிங்க் இரண்டு கிளாஸ் குடித்தார். பிஸ்கட் நான்கு தின்றார். ஃபேனைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். பிறகு அதே மேஜை மேலே ஃபைலைப் பிரித்து, "மனுதாரர் வசதியாக வாழ்ந்து வருகிறார். மனுவைத் தள்ளுபடி செய்யலாம்" என்று எழுதினார். எழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும்.

வெளியே வந்ததும் நான் சொன்னேன். "ஐயா, நாற்காலி மேஜை எல்லாம் சர்ச்சுது. ஃபேன் பக்கத்து வூட்டுது. எல்லாமே இரவல்."

"இரவல் கொடுக்க ஆள் இருக்குதுல்ல? அப்போ ஆதரவு இருக்குய்யா. ஆதரவு இருந்தா எப்படிக் கொடுக்க முடியும்?"

வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

தள்ளுபடிக் கடிதம் வந்ததும் அக்கா அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. சந்தேகம்தான் வந்திருந்தது.

"கூல்டிரிங்சு ஜில்லுனு இல்லியாப்பா? கடக்காரன் அப்பதான் பெட்டில வெச்சான். அதுக்குக் கோச்சிக்கினாரா?"

நான் நேராகச் சர்ச் மண்டபத்துக்குப் போய் அதே சிவப்பு நாற்காலி ஒன்றை வாங்கி, என் டி.வி.எஸ். பின்னால் கட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸுக்கு ஓட்டினேன். ஹைவேயில் போகிறவன் எல்லாம் சிரித்தான். தனி தாசில்தார் ஒரு அம்மா. ஐயாவும் அப்போது அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். நான் நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பி அந்த அம்மா மேஜை மேலேயே வைத்தேன்.

"இன்னாப்பா இது?"

"எக்ஸிபிட்டுங்கம்மா. லூர்து மேரின்ற அம்மா வசதியா கீறாங்கன்னு ஐயா எழுதுனாருல்ல, அந்த வசதி இதான். அடியில பெயின்டால எழுதிக்கீது பாருங்க, பங்கு மண்டபம்னு. ஐயா இது மேலதான் குந்திகினு எழுதுனாரு. குனிஞ்சி பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அந்த அம்மா வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். ஐயா முகம் நாற்காலி நிறத்துக்கு வந்துவிட்டது. மறு விசாரணைக்கு உத்தரவானது. வெளியே வந்ததும் ஐயா என் பக்கம் குனிந்து, "தலையாரிக்கு இவ்வளவு திமிர் ஆகாதுய்யா" என்றார். நான் நாற்காலியைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தேன். "பெரிய ஆபீசருங்கதான் வெச்சிக்கணும்னு எதுனா ஜி.ஓ. கீதா ஐயா?" என்றேன்.

இந்த முறை அக்காவுக்குப் பாடம் எடுத்தேன். நாற்காலி கூடாது. பழைய புடவை. பிஸ்கட் கிடையாது. முக்கியமாக, யாராவது பார்த்துக்கொள்கிறார்களா என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல வேண்டும்.

"ஸ்டெல்லா கீதேப்பா?"

"கீது. ஆனா பாத்துக்கறதில்லன்னு சொல்லுக்கா."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் இல்லக்கா. உண்மைய கொஞ்சம் கம்மியா சொல்லு."

ஐயா வந்தார். கூரை, ஃபேன் இருந்த இடம், துணிக்கொடி எல்லாம் பார்த்தார். நான் டின்னை ஆட்டினேன். அரைப்படி கூட இல்லை. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"பிள்ளைங்க?"

"ஒரு பொண்ணுங்க ஐயா. படப்பைல."

"சோறு போடுதா?"

நான் ஐயா முதுகுக்குப் பின்னால் நின்று இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன். அக்கா என்னைப் பார்த்தாள். ஐயாவைப் பார்த்தாள்.

"போனா போடும் ஐயா. எம் பொண்ணு அந்த மாரி இல்லீங்க."

ஐயா சந்தோஷமாக எழுதிக்கொண்டார். மகள் ஆதரவு உண்டு. அவர் போன பிறகு நான் அக்காவைத் திட்டித் தீர்த்தேன். அவள் அசையவில்லை. "சோறு போடலன்னு ஊரு முன்னாடி சொன்னா அது எப்டிப்பா தல நிமுந்து நடக்கும்? இந்தத் துட்டு இல்லன்னா போவுது" என்றாள்.

நானும் விடவில்லை. வி.ஏ.ஓ.விடம் கேட்டேன். மகளே வந்து, தாயைப் பராமரிக்கவில்லை என்று வாக்குமூலம் எழுதிக் கொடுத்தால் ஃபைலை மேலே அனுப்பலாம், ஆனால் ஆர்.ஐ. ஒத்துக்கொள்ள வேண்டும் என்றார். அன்றைக்கே ஸ்டெல்லாவைத் தேடிப் படப்பைக்கும், அங்கிருந்து அவள் வேலை இடத்துக்கும் போனேன். ஸ்டெல்லா ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஷிஃப்ட் முடிகிற வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னேன்.

"எழுதிக் குடுத்தா கண்டிப்பா வருமாண்ணா?"

"வரும்."

"அம்மாவுக்குத் தெரியவே கூடாது."

மறுநாள் வி.ஏ.ஓ. ஆபீஸுக்கு வந்தாள். பெஞ்சு மேலே ஒரு எவர்சில்வர் தூக்கை வைத்தாள். கறிக்குழம்பு, அம்மாவுக்கு. வாரத்துக்கு இரண்டு முறை இப்படி எடுத்து வருவாள், ஊரே பார்த்திருக்கிறது. அந்தத் தூக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதினாள்: நான் என் தாயாரைக் கவனிப்பதில்லை. அவருக்குச் சாப்பாடு உள்பட எந்த உதவியும் செய்வதில்லை.

அங்கே வந்திருந்த ஐயா வாங்கிப் படித்தார். தூக்கையும் பார்த்தார். குழம்பு வாசனை அந்த அறை பூராவும் இருந்தது. "இனியும் செய்ய மாட்டேன்னு ஒரு வரி சேர்த்துக்கம்மா. இல்லேன்னா நாளைக்கு ஆடிட்டுல மாட்டும்" என்றார். அவள் அந்த வரியையும் சேர்த்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு நடந்தாள்.

"இப்பதான்யா பேப்பர் சரியா இருக்கு" என்றார் ஐயா.

இந்த ஆள்தான் போன மாதம் என் வீட்டில் உட்கார்ந்து அநியாயம் அநியாயம் என்று அடித்துக்கொண்டார். வரி ஆபீஸிலிருந்து யாராவது அவர் வீட்டுக்கு வந்து அரிசி டின்னை ஆட்டினார்களா? இவ்வளவுதான் என் வருமானம் என்று அவரே எழுதுகிறார், அவரே கையெழுத்துப் போடுகிறார், நம்பிக்கொள்கிறார்கள். வருமானம் கம்மியாக இருக்கிற வயசானவர்கள் பேங்கில் ஒரு ஃபாரம் எழுதிக் கொடுத்தால் வட்டியில் பிடிக்கவே மாட்டார்கள். அதையும் அப்படியே நம்புகிறார்கள். எங்கள் ஊரில் கம்பெனியில் ஹெல்பராக இருந்து ஓய்வு பெற்ற ஆட்களுக்கு அப்படி ஒரு ஃபாரம் இருப்பதே தெரியாது, கட்ட வேண்டாத வரியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் வகுப்பு படித்த நான்தான் ஏழெட்டு பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்களுக்காக மனு எழுதட்டும், முதல் கையெழுத்து என்னுடையது. ஐயாவின் இரண்டு பையன்களும் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர் பென்ஷனை ஆர்டர் போட்டபோது, பையன் சோறு போடுகிறானா என்று எவனும் கேட்கவில்லை. அப்பனைக் கவனிக்க மாட்டேன் என்று அவர்களிடம் எழுதி வாங்கவும் இல்லை. இருக்கிறவன் சொன்னால் வாக்கு, இல்லாதவள் சொன்னால் அதற்குச் சாட்சி வேண்டும், அந்தச் சாட்சிக்கு ஒரு அவமானமும் வேண்டும். கொஞ்சம் வரி பிடித்ததற்கே இவருக்கு இவ்வளவு வலிக்கிறதாம்.

லூர்து அக்காவுக்கு ஆர்டர் அடுத்த மாதமே வந்துவிட்டது. கடிதத்தைக் கொண்டுபோய் நான்தான் கொடுத்தேன். எப்படி வந்தது என்று கேட்டாள். பெண் எழுதிய காகிதத்தை எப்படிச் சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஆர்.ஐ. ஐயா மனசு எறங்கிட்டாருக்கா."

"நான் அன்னிக்கே நெனச்சேன்பா. நம்ம வூட்ல குந்தி சாப்ட்டவரு, அப்டி வுட்ற மாட்டாரு."

அதற்கு அப்புறம் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. அக்கா அதே வீட்டில்தான் இருக்கிறாள். ஸ்டெல்லா தூக்கோடு வருவதும் நிற்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் நான் உண்மையைச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசைக்குப் போகும்போது அக்கா தன் பென்ஷனில் ஒரு மெழுகுவர்த்தி வாங்கி, அந்த மனுஷன் நல்லா இருக்கணும் என்று மாதா முன்னால் ஏற்றி வைத்துவிட்டு வருகிறாள்.